கல் கடனைத் தீர்க்குமா?



மறைந்தவர் பெயரால் ஒரு கல்லை நாட்டிவிட்டால், அவருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் தீர்ந்துவிடுமா? அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்துச் சிற்றூராகிய வொர்த்தமில் நிற்கும் ஒரு நினைவுச் சின்னம் இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

அங்கு அடக்கமாகியிருப்பவர் பிளைண்ட் லெமன் ஜெபர்சன் என்னும் கறுப்பினப் பாடகர், கண்பார்வை அற்றவர். டல்லாஸ் நகரத் தெருக்களில் கித்தார் வாசித்துப் பாடிப் பிழைத்த அவர், 1926 முதல் 1929 வரை ஏறத்தாழ 100 இசைத்தட்டுப் பதிவுகள் செய்தார்.

அவற்றில் பெரும்பாலானவற்றை வெளியிட்ட பாராமவுண்ட் கம்பெனி, விஸ்கான்சின் மாநிலத்து நாற்காலித் தொழிற்சாலை ஒன்றுக்குச் சொந்தமானது. நாற்காலி செய்தவர்கள் கிராமபோன் பெட்டி செய்தனர். பெட்டி விலைபோக வேண்டி இசைத்தட்டும் போட்டனர். இந்தச் சூட்சுமம் வியாபாரிகளாகிய நமக்கு எளிதில் விளங்கும். பாடியவர் கையில் ஒரு தொகையைக் கொடுத்தனுப்பிவிட்டு, பின்னர் வரும் ஆதாயத்தைத் தாமே வைத்துக்கொள்வது அன்றைய இசைத்தட்டுக் கம்பெனிகளின் பெருவழக்கு. கறுப்பினப் பாடகர்களே இதனால் மிகவும் இழந்தனர்.

1929 டிசம்பரில் ஜெபர்சன் சிகாகோவில் இறந்தார். வொர்த்தமில் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்டிருந்த இடுகாட்டில் அவர் உடல் அடக்கப்பட்டது. தம் கல்லறையைச் சுத்தமாக வைத்திருக்குமாறு வேண்டும் ஒரு பாட்டை அவர் முன்னமே இசைத்தட்டில் பாடியிருந்தார். அந்த வேண்டுகோளை விலை கொடுத்து வாங்கிக் கேட்டவர் பலர். அவர் கல்லறைக்கோ ஓர் அடையாளமும் இல்லை. 1967-ல் மாநில வரலாற்றுச் சின்னம் நிறுவப்பட்டபோது சரியான இடம் தெரியாமல், ஏறக்குறைய அப்பகுதி என்று கருதிய இடத்திலேயே நாட்டினார்கள். காலப்போக்கில் அதுவும் சீர்கெட்டது. 1997-ல் புதிய கல் வைக்கப்பட்டது; 2007-ல் இடுகாட்டுக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது.

பாட்டைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பு இங்கு நம் பொருளன்று. உழைத்தவரின் உரிமையே நம் பொருள்.

கல் நாட்டியது வீண் என்று நான் சொல்லமாட்டேன். 1967-ல் நாட்டியவர்கள் அவர் உழைப்பை விற்றவர்கள் அல்லர். மறந்துவிடுவதைவிடத் தாமதமாகவேனும் நினைப்பது மேலானதே. ஆனால் அக்கல்லால் பயன் பெறுவோர் அதைப் பார்க்கும் நாமே. மண்ணுக்குள் இருப்பவரின் கணக்கில் அது ஒரு காசும் வரவு வைக்காது. ஒருவர் மறைந்தால், வாரிசுகள் சொத்தைப் பங்கிடுமுன் அவர் பட்ட கடனை அடைக்கவேண்டும் என்பது நம் ஷரீஅத். மரணத்தாலும் அழியாத கடன், மாலையாலும் கல்லாலும் அழியுமா? அடியாரின் ஹக்கை அந்த அடியாரே மன்னிக்கவேண்டும். அவர் போனபின் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

ஆகவே, நம் கடைப் பேரேட்டை இன்றிரவே ஒருமுறை புரட்டிப் பார்ப்போம். மூட்டை சுமந்தவர், கணக்கெழுதியவர், அடுப்படியில் வெந்தவர் ஆகியோரின் உழைப்பு நம் ஆதாயத்தில் எவ்வளவு? அதற்கு நாம் கொடுத்தது எவ்வளவு? அவர் மறைந்தபின் இரங்கற் கூட்டத்தில் புகழ்ந்து பேசுவதற்கு முன்னால், அவர் நம் எதிரே நிற்கும்போதே கையில் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிடுவோம்.

பிறர் ஹக்கைச் சுமந்துகொண்டு மறுமையில் நிற்கும் நிலையைவிட்டு வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.