செய்தி வந்தது, தெளிந்த நீர் வந்ததா?

விஞ்ஞானச் செய்தி என்றால் நமக்கு விருந்து. ஏட்டைப் பிரித்ததும் இராசிபலன் பக்கத்தைத் தள்ளிவிட்டு, எங்கே ஒரு புதிய கருவி, எங்கே ஒரு புதிய மருந்து என்று தேடுகின்ற கண்கள் நம்முடையவை. 2023 ஆகஸ்ட் 23 அன்று, சந்திரயான்-3 நிலவின் தென்முனைக்கு அருகே இறங்கிற்று. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் வளர்ந்த தமிழர். நிலவைப் பாம்பு விழுங்குகிறது என்று கதை சொல்லி, தர்ப்பையைத் தேடிக்கொண்டிருந்த நாட்டில், அந்த நிலவையே தொட்டுப் பார்த்துவிட்டான் மனிதன். மகிழ்ந்தோம். மகிழாதிருக்க முடியுமா?

ஆனால், மகிழ்ச்சிக்குப் பிறகு நாம் செய்வது என்ன? கைதட்டுகிறோம், பக்கத்தைப் புரட்டுகிறோம். விஞ்ஞானம் வந்துவிட்டது, இனி எல்லாம் விடிந்துவிடும் என்று நம்புகிறோம். கேள்வி கேளாமல் கும்பிடுவது மூடநம்பிக்கை என்று ஊர்தோறும் சொல்லி வருகிறோம். கேள்வி கேளாமல் கைதட்டுவதற்கு மட்டும் வேறு பெயர் உண்டா? கல்லின்முன் மூடிய கண்கள் கருவியின்முன் மூடினால், மாறியது சிலையே தவிர, சிந்தை அல்ல.

இதனைப் பாலாற்றங்கரையில் வாழும் நாம்தான் முதலில் சொல்லவேண்டும். வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தத் தோல் நாட்டிற்கு விஞ்ஞானம் புதிய விருந்தாளி அல்ல. நூறாண்டுக்கு மேலாக நம்மோடு குடியிருக்கும் பழைய உறவு. அந்த உறவின் வரவு செலவுக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு, ஒரு செய்தியை எப்படிப் படிக்கவேண்டும் என்பது விளங்கும்.

நீரில்லாமலே தோல் பதனிடும் முறை வந்துவிட்டது என்றொரு செய்தியைச் சில ஆண்டுகளாக ஏடுகளில் காண்கிறோம். சென்னை அடையாற்றில், 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் படைப்பு அது. நல்ல படைப்பு; நம் நாட்டு அறிஞர்களின் உழைப்பு. தலைப்பைப் படித்த நம் இளைஞர்கள், பாலாறு பிழைத்துவிட்டது என்றே எண்ணினர்.

தலைப்பைத் தாண்டிப் படிப்போம். தோல் என்பது ஒரே முழுக்கில் பதமாகிவிடும் பொருள் அல்ல. அழுகாதிருக்க உப்பிட்டு வரும் பச்சைத் தோலை முதலில் நீரில் ஊறவைக்கவேண்டும். பிறகு சுண்ணாம்பில் போட்டு மயிரகற்றி, சதையை நீக்கிக் கழுவவேண்டும். அமிலமும் உப்பும் சேர்த்துப் பக்குவப்படுத்தி, அதன் பின்னரே குரோமிய உப்பை ஏற்றவேண்டும். சாயமும் எண்ணெயும் ஊட்டுவது அதற்கும் பின்னர். புதிய முறை நீரை நிறுத்துவது, குரோமியம் ஏற்றும் அந்த ஒரு கட்டத்தில்; அமிலமும் உப்பும் சேர்க்கும் முன்கட்டத்தை அது தவிர்க்கிறது; குரோமியம் வீணாவதைக் குறைக்கிறது. அது பெரிய நன்மையே. எனினும், ஊறவைக்கும் தொட்டிக்கு நீர் வேண்டும். சுண்ணாம்புத் தொட்டிக்கு நீர் வேண்டும். அந்தத் தொட்டிகளிலிருந்து வெளியேறும் உப்பும் கழிவும் அப்படியே இருக்கின்றன. விஞ்ஞானி பொய் சொல்லவில்லை. ஒரு படி ஏறினேன் என்றார் அவர், மாடிக்கே வந்துவிட்டார் என்று தலைப்பு பறைசாற்றியது, நாமும் நம்பினோம்.

சற்றுப் பின்னே போவோம். ஒரு காலத்தில் இங்கே தோலைப் பதப்படுத்தியவை ஆவாரம் பட்டையும் கடுக்காயும். வாரக்கணக்கில் நடக்கும் வேலை அது. 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய முறைக்குக் காப்புரிமை பெற்றார். வாரங்கள் நாட்களாகச் சுருங்கின. 1903 வாக்கில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் அந்த முறையைச் சோதித்தார். குரோமியத் தோல் எதற்குப் பயன்படும் என்று அன்று எண்ணினார்கள் தெரியுமா? உழவன் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலைக்கு! நீரில் ஊறினாலும் எளிதில் கெடாத தோல் அல்லவா?

வரலாறு சில வேளைகளில் வக்கீலைவிடக் கூர்மையாக வாதாடுகிறது. கிணற்று நீரை மேலே கொண்டுவர வந்த குரோமியம், பின்னர் அந்தக் கிணற்று நீருக்குள்ளேயே குடிபுகுந்தது. கவலை இறைக்க வந்த தோல், கவலையை மட்டும் விட்டுச் சென்றது.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் நீர், குரோமிய முறையில் ஏறத்தாழ 170 வகை இரசாயனங்கள், முழுவதுமாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமற் போன நிலம் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் என்று அந்தத் தீர்ப்பின் பக்கங்களில் எண்கள் அணிவகுக்கின்றன. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்டவேண்டும். தீங்கு நேர்வதற்கு முன்பே தடுக்கவேண்டும் என்னும் இரு கோட்பாடுகளும் இந்த நாட்டின் சட்டத்தின் பகுதிகள் என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. நம் கிணறுகள் கெட்டதால் நாட்டுக்கொரு நீதி கிடைத்தது. நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் வேலூரின் பெயர் பாடமாயிற்று. வேலூரின் கிணறு?

கருவிகள் வந்தன, மறுக்கவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. அவை சேற்றையும் குரோமியத்தையும் பிரித்தன. கரைந்த உப்பைப் பிரிக்க அவற்றால் இயலவில்லை. பின்னர் சவ்வூடு முறை வந்தது, கொதிகலன் வந்தது, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத திட்டம் என்று செய்தியும் வந்தது. நீரிலிருந்து உப்பு பிரிந்தது. பிரிந்த உப்பு எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. கலப்பட உப்பாகக் குவிந்தது; வைக்க இடமின்றி, வாங்க ஆளின்றிக் கிடந்தது. பொருளை உருமாற்றத்தான் கருவியால் முடியும், இல்லாமற் செய்ய முடியாது என்று ஒன்பதாம் வகுப்பு வேதியியலில் நாம் பாடம் நடத்துகிறோம். பாடம் படிக்கிற பிள்ளைக்குத் தெரிந்தது, திட்டம் தீட்டுகிறவர்களுக்குத் தெரியாதா?

இராணிப்பேட்டையில், குரோமிய இரசாயனம் செய்த ஆலை ஒன்று 1990களின் நடுவில் மூடப்பட்டது. முதலாளி போனார், இயந்திரம் நின்றது, கழிவு மட்டும் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் மலையாக அங்கேயே தங்கிற்று. 2006-இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் என்னும் அமெரிக்க அமைப்பு, உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலோடு சேர்ந்து நம் இராணிப்பேட்டையும் இடம் பிடித்தது. அதே இராணிப்பேட்டையில், 2015 ஜனவரி 31 விடியுமுன், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்களைச் சேறு விழுங்கியது. அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வயிற்றுப்பாட்டிற்காக வந்தவர்கள். மாசை ஒழிக்க எழுந்த கட்டடம், மனிதனை ஒழித்தது. இதற்குப் பெயர் விதியா? இல்லை, தோழர்களே! சுவருக்கு வலிமை எவ்வளவு வேண்டும், சேறு எவ்வளவு அழுத்தும் என்பதைக் கணக்கிடும் அறிவு மனிதனிடம் எப்போதோ வந்துவிட்டது. தெரிந்தும் செய்யாததற்கு விதி என்று பெயரிடுவது, குற்றவாளிக்குக் குடைபிடிப்பதாகும்.

இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது. விஞ்ஞானம் போதவில்லையா, மனம் போதவில்லையா?

இரண்டு கடிகாரங்களை எடுத்துப் பாருங்கள். பென்டாகுளோரோபீனால் என்று ஒரு பூஞ்சைக் கொல்லி. தோல் பூசணம் பிடிக்காதிருக்கப் பயன்பட்டது. 1989-இல் ஜெர்மனி அதற்குத் தடை போட்டது. நம் ஆலைகள் அலறின, ஆராய்ச்சி நிலையம் விழித்தது, மாற்று மருந்து வந்தது, மாறிக்கொண்டோம். 1994-இல் சில அசோ சாயங்களுக்கு அங்கே தடை பிறந்தது. 1997-இல் இந்திய அரசே அவற்றைத் தடை செய்தது. 2015 மே முதல், உடலில் படும் தோல் பொருளின் ஒரு கிலோவில் ஆறிணைதிறக் குரோமியம் 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்றது ஐரோப்பா. ஆம்பூர் செருப்பு அதற்கும் தன்னை ஆயத்தப்படுத்திக்கொண்டது. வாங்குபவன் முகம் சுளித்தால், நம் கடிகாரம் ஓடுகிறது, பறக்கிறது.

இனி மற்றொரு கடிகாரம். 1996-இல் தீர்ப்பு. 2025 ஜனவரி 30 அன்று, அதே உச்ச நீதிமன்றம், அதே பாலாற்றுக்காக மீண்டும் பேசவேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டைக் கொடுங்கள், மாசுபடுத்தியோரிடம் வசூலியுங்கள், கண்காணிக்கக் குழு அமையுங்கள் என்று மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. இடையே ஓடியவை 28 ஆண்டுகளும் ஐந்து மாதங்களும். தீர்ப்பு நாளன்று பிறந்த குழந்தை, வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், தன் குழந்தைக்கு விலைக்கு வாங்கிய குடத்துநீர் புகட்டும் காலம் வந்துவிட்டது. கெஞ்சுபவன் கிராமத்தான் என்றால், கடிகாரம் நின்றுவிடுகிறது.

ஐரோப்பியனின் பாதத்திற்கு வரம்பு உண்டு. நம் மக்களின் வாய்க்கு வரம்பு இல்லையா? உண்டு. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமை மீறக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பாதத்திற்காகச் சோதிக்கிறார்கள். இந்த வாய்க்காக யார் சோதிப்பது?

ஆகவே நாம் சொல்கிறோம்: விஞ்ஞானச் செய்தி வெறும் மகிழ்ச்சிச் செய்தி அல்ல, அது ஒரு கடன் சீட்டு. நோய்க்கு மருந்து தெரியாத நாளில் நோயாளி இறந்தால், அது துயரம். மருந்து தெரிந்த பின்னும் கொடுக்காமல் இறக்கவிட்டால், அது குற்றம். ஒவ்வொரு கண்டுபிடிப்பும் அறியாமை என்னும் சாக்கை நம்மிடமிருந்து பறித்துக்கொள்கிறது. 2018-இல் திருவனந்தபுரத்து இளம் பொறியாளர்கள், சாக்கடைக் குழியில் இறங்கும் ரோபோவை அளித்தார்கள். அந்த நாளுக்குப் பின் மனிதனைக் குழியில் இறக்குகிறவன், வேறு வழியில்லை என்று சொல்லும் உரிமையை இழந்துவிட்டான். கருவி வந்த செய்தி, கடமை வந்த செய்தி.

இதைக் கேட்டு இரு திசையிலிருந்து எதிர்ப்பு வரும். விஞ்ஞானமே வேண்டாம், ஆவாரம் பட்டைக்கே திரும்புவோம், அன்று நாடு பொன்னாக இருந்தது என்பார் ஒரு சாரார். எந்தப் பொன்? அன்றும் சுண்ணாம்புக் குழி இருந்தது. குழியில் நின்றவனைச் சேரிக்கு விரட்டிய சாதியும் இருந்தது. தோலைத் தொட்டவனைத் தொடக்கூடாது என்றார்கள். தோலால் வந்த பணத்தைத் தொட ஒருவரும் கூசவில்லை. அந்தப் பொற்காலம் அவர்களுக்கே இருக்கட்டும். பட்டையோ குரோமியமோ, குழியில் நிற்பவன் யார், கூடத்தில் அமர்பவன் யார் என்பதே நம் கேள்வி.

ஆலைகளை மூடிவிட்டால் அடுப்பு எரியுமா என்பார் மற்றொரு சாரார். நியாயமான கேள்வி. ஆம்பூர்ச் செருப்பு ஆலைகளின் வாயிலில், விடியற்காலையில் கூட்டம் கூட்டமாக வந்திறங்கும் நம் சகோதரிகளைக் கண்டவர்கள், மூடு என்று எளிதில் சொல்லமாட்டார்கள். நாமும் சொல்லவில்லை. அந்தக் கூலிதான் பல வீடுகளில் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பியது. ஆனால், சோறு வேண்டுமா நீர் வேண்டுமா என்று ஒரு தாயைக் கேட்பது கேள்வியா, கொடுமையா? இரண்டையும் தரும் அறிவு இருக்கும்போது, ஒன்றைத் தேர்ந்தெடு என்பவன், தன் இலாபத்தைத்தான் மறைத்து வைத்துக்கொண்டு பேசுகிறான். சிறு ஆலைக்காரரால் தாங்க முடியாது என்றால், அரசு தோள் கொடுக்கட்டும். செருப்பை வாங்கும் பெரிய கடைக்காரர், விலையில் தூய நீரின் பங்கையும் சேர்த்துக் கொடுக்கட்டும். மாசுக்குப் பணம் மாசுபடுத்தியவரே தரவேண்டும் என்றால், அந்தச் சங்கிலியின் மறுமுனை, பளபளக்கும் கண்ணாடிக் கடைவரை நீளத்தான் வேண்டும்.

நாம் செய்யவேண்டியது என்ன? இனி எந்த விஞ்ஞானச் செய்தியைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்போம். யாருக்கு வந்தது? எப்போது வரும்? யார் செலவில்? பள்ளிகளில் பணியாற்றும் நாம், கரைந்த உப்பை அளக்கும் சிறு கருவியொன்றை மாணவர் கையில் கொடுப்போம். அவரவர் வீட்டுக் கிணற்று நீரை அளந்து, தேதியோடு குறித்துவைக்கச் சொல்வோம். குரோமியத்தை அளக்கும் ஆய்வுக்கூடம் நம்மிடம் இல்லை. அந்தக் கணக்கை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கொண்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்டு வாங்குவோம். வந்த எண்களை ஊர் நடுவில், எல்லோரும் படிக்கும் பலகையில் எழுதிவைப்போம். பஞ்சாங்கம் படித்த திண்ணையில் பாலாற்றின் கணக்கைப் படிக்கட்டும் மக்கள். அளக்கத் தெரிந்தவனை ஏமாற்ற முடியாது. எழுதி வைத்தவனிடம் மறுக்க முடியாது.

நிலவில் நீர் உண்டா என்று தேடும் அறிவைப் போற்றுகிறோம். அந்த அறிவுக்கு வாணியம்பாடிக் கிணறு எட்டாத தொலைவா? எட்டும். எட்டச் செய்யவேண்டியவர்கள் நாம். அதுவரை, எந்தத் தலைப்புச் செய்திக்கும் அரைக் கைதட்டல்தான் நம்மிடமிருந்து கிடைக்கும். மறுபாதி, பாலாற்றங்கரையில் ஒரு பெண் தன் கிணற்றில் குடம் நிறைய நீர் மொண்டு, தயக்கமின்றித் தன் பிள்ளைக்குக் கொடுக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறது.