இருபத்தேழாம் நாள்

மைசூர் அக்ரஹாரத்தில், ராமானுஜ சாலையை ஒட்டிய ஒரு தெருவில் அத்தை வீடு. ஒரு ஏப்ரல் மாதம் அங்கே போயிருந்தேன். கூடத்தில் உட்கார்ந்து அத்தை மாவடுவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஊஞ்சலில் கைப்பேசியோடு படுத்திருந்த பேரன் துள்ளி எழுந்தான்.

“பாட்டி, இன்னிக்கு டீப் டிஷ் பீட்சா தினமாம். ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்!”

அத்தை நிமிரவில்லை. “அதுக்கு முன்னால எத்தனை நாள் விரதம்டா?”

“விரதமா? அதெல்லாம் கிடையாது பாட்டி. கூப்பன் இருந்தாப் போறும்.”

“அப்பறம் எப்படிடா அது பண்டிகை?”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். சென்னைக்குத் திரும்பும்போது ரயிலில் தூக்கம் வரவில்லை. அத்தையின் கேள்வி மட்டும் கூடவே வந்தது.

பீட்சாவை நான் குறை சொல்லப் போவதில்லை. 1943-இல் சிகாகோவில் ஐக் சூவல், ரிக் ரிக்கார்டோ என்ற இருவர் தொடங்கிய ‘பிட்சேரியா யூனோ’ கடையில் பிறந்தது இந்த ஆழத் தட்டுப் பீட்சா. செய்முறையைக் கண்டுபிடித்தது யார் என்பதில் அந்த ஊர்க்காரர்களுக்குள் இன்றும் வழக்கு உண்டு. விளிம்பு உயர்ந்த வட்டத் தட்டில் மாவைச் சுவர் போல ஏற்றி, அடியில் சீஸ், மேலே தக்காளிக் கூழ் என்று வரிசையை மாற்றி வைப்பார்கள். காரணம் எளிது: கனமான பண்டம் உள்ளே வேக அரை மணிக்கு மேல் ஆகும், அதுவரை சீஸ் மேலே இருந்தால் கருகிவிடும். காத்திருக்கத் தெரிந்தவனுக்குத்தான் அந்தத் தட்டு வாய்க்கும். அமெரிக்காவில் ஏப்ரல் 5 அதற்கென்று குறிக்கப்பட்ட நாள்.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. சென்னை இட்லிக்காரர் இனியவனின் முயற்சியால் 2015 முதல் மார்ச் 30 உலக இட்லி தினம். தினமும் தின்கிற இட்லிக்குத் தனியாக ஒரு தினம்!

அத்தை வீட்டிலும் ஒரு பண்டத்துக்கென்று ஒரு நாள் உண்டு. மார்கழி இருபத்தேழு, கூடாரவல்லி. ஆங்கிலக் கணக்கில் ஜனவரி 11 வாக்கில் வரும். அன்றைய பண்டம் அக்காரவடிசல். ஆனால் அந்த நாள் ஜனவரியில் தொடங்குவதில்லை. திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்திலேயே ஆண்டாள் தன் தோழியரோடு நெய்யையும் பாலையும் விட்டுவிடுகிறாள். கண் மையும் தலைப் பூவும்கூட வேண்டாம் என்கிறாள். இருபத்தேழாம் பாசுரத்தில்தான் நகையும் புடவையும் நெய் வழியும் பால்சோறும் திரும்பி வருகின்றன. நடுவே இருக்கும் நாட்கள் எல்லாம் அந்த ஒரு கவளத்துக்கான முன்னுரை.

எல்லா வீட்டிலும் இந்த நியமம் இல்லை. அத்தை வீட்டில் உண்டு. மார்கழி பிறந்ததும் நெய் ஜாடி பரணுக்குப் போய்விடும். மைசூர்க் குளிரில், விடியற்காலைப் பொங்கல்கூட நெய் இல்லாமல்தான் பெருமாளுக்கு அமுது செய்விக்கப்படும். சின்ன வயதில் ஒரு மார்கழி முழுக்க அங்கே இருந்த நான், பரணைப் பார்த்துக்கொண்டே அதைத் தின்றிருக்கிறேன்.

இருபத்தேழாம் நாள் தளிகை அறையில் வெண்கலப் பானை ஏறும். ஒரு பங்கு அரிசி, ஒரு பிடி பாசிப்பருப்பு, எட்டுப் பத்துப் பங்கு பால். தண்ணீருக்கு வேலை குறைவு. பாலிலேயே குழைய வேண்டும். அவசரப்பட்டு வெல்லத்தைப் போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும், அப்புறம் எத்தனை விறகு எரித்தாலும் மசியாது. விரலால் நசுக்கிப் பார்த்து, மசிந்த பின்தான் வெல்லம். பிறகு நெய், ஏலம், குங்குமப்பூ, ஒரு துளி பச்சைக் கற்பூரம். பரணிலிருந்து ஜாடி இறங்கும்போது பிள்ளைகள் எல்லோரும் கதவடியில் நிற்போம். அன்று உள்ளங்கையில் விழுந்த நெய்யின் மணம் வேறு எந்த நாள் நெய்க்கும் இருந்ததில்லை. கடை அதே கடை, வெண்ணெய் அதே வெண்ணெய்.

காத்திருப்பில் ஆண்டாளை மிஞ்ச முடியாது. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா (பெரிய பானை) வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசலும் நேர்ந்துகொண்டதாக நாச்சியார் திருமொழியில் சொல்கிறாள். அந்த நேர்ச்சையைச் சில நூற்றாண்டுகள் கழித்து வந்த ராமானுஜர் செலுத்தினார் என்பது வைணவ மரபு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அவர் போனபோது ஆண்டாளே ‘அண்ணா’ என்று அழைத்தாளாம். அதனால் அவருக்குக் ‘கோயில் அண்ணன்’ என்று ஒரு பெயர். மைசூருக்கு வடக்கே மேல்கோட்டையில் அவர் பல ஆண்டுகள் தங்கியதால்தான், கன்னட நாட்டின் நடுவே அத்தை இன்றும் தமிழில் பாசுரம் சொல்கிறாள். ஆண்டாள் நேர்ந்த நூறு தடாவை ஒருத்தி தின்ன முடியாது. ஊரைக் கூட்டியாக வேண்டும். நேரும்போதே பங்கு வைத்துத்தான் நேர்ந்திருக்கிறாள்.

இதையெல்லாம் சொல்லிப் பெருமை கொண்டாட நமக்கு உரிமை இருக்கிறதா? கூடாரவல்லியன்று அக்காரவடிசல் இப்போது பிளாஸ்டிக் டப்பாவில் வாசலுக்கு வருகிறது. முந்தின நாள் நெய் ரோஸ்ட் தின்ற நாக்குக்கு அது இன்னொரு இனிப்பு, அவ்வளவுதான். விரதம் இல்லாத கூடாரவல்லியும் கூப்பன் தினம்தான்.

கிடைக்காமல் இருப்பது வேறு, கிடைத்தும் விடுவது வேறு. முன்னது வறுமை, அதில் புண்ணியம் எதுவும் இல்லை, அதைப் போக்குவதே அறம். பின்னதில்தான் பண்டிகை முளைக்கிறது. எதை விட்டோமோ அதுவே விருந்தாகத் திரும்பி வரும். எதையும் விடாதவனுக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாளும் சாப்பாடு உண்டு, விருந்து ஒரு நாளும் இல்லை.

அடுத்த ஏப்ரல் 5 அன்று பீட்சா வாங்குங்கள், தவறில்லை. ஆனால் மார்ச் 10 முதல் அதைத் தொடாமல் இருங்கள். கணக்குப் பார்த்துவிட்டேன்: ஏப்ரல் 5 சரியாக இருபத்தேழாம் நாள். தட்டு பெரியது, நாலு பேரைக் கூப்பிடுங்கள்.