பெற்ற வயிற்றின்மேல் பழி

மரணம் பிள்ளையைப் பிரித்தால் தாய்க்கு ஆறுதல் சொல்கிறோம். நீதிமன்றம் பிரித்தால், "கோர்ட்டே கொடுக்கவில்லையென்றால் அவளிடம் என்ன குறையோ?" என்கிறோம். இது நியாயந்தானா?

1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் நீதிபதியை ஆராயச் சொல்வது குழந்தையின் நலனை, தாயின் குற்றத்தையன்று. ஹனஃபி மத்ஹபில் மகனுக்கு 7 வயது நிறைந்ததும் 'ஹிளானத்' எனும் தாயின் வளர்ப்புரிமை முடிகிறது. அந்நியரை மறுமணம் செய்தாலும் அவ்வுரிமை நீங்கலாம். மகன் வளர்வதும், தாய் மறுவாழ்வு தேடுவதும் பாவங்களா? குறையுள்ள தாயரும் உண்டு. அவர்கள் பெற்ற வயிறும் எரியத்தானே செய்யும்?

1973-இல் சென்னைத் தம்பதியரின் வழக்கொன்றில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகளல்லர் என்றது உச்ச நீதிமன்றம். பிள்ளையை ஒப்படைக்கும் ஆணை இறுதியானதன்று, நிலைமை மாறினால் மாற்றத்தக்கது என்றும் விளக்கியது. ஊரார் வழங்கும் தீர்ப்புக்கோ மேல்முறையீடே இல்லை! அருப்புக்கோட்டையிலிருந்தோ திருச்சுழியிலிருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்குப் பஸ் ஏறிச் சென்று, வெறுங்கையோடு திரும்பும் தாய்க்கு அத்தீர்ப்பு தெருமுனையிலேயே காத்திருக்கிறது. அண்டை வீட்டுப் பெயர்சூட்டலுக்கும் அவரை அழைக்கத் தயங்குவர்.

மகனை ஆற்றில் விட்ட மூஸா நபியின் அன்னையுடைய உள்ளம் வெறுமையானதைத் திருமறை சொல்கிறது, பழி சொல்லவில்லை. அவர் கண் குளிரவே மகன் மீட்டளிக்கப்பட்டதையும் கூறுகிறது.

நம் வானம் பார்த்த பூமியில், வற்றிக் கிடக்கும்போதும் கண்மாயைக் கண்மாய் என்றே அழைக்கிறோம். பிள்ளை அருகில் இல்லாதபோதும் அவர் தாயே. அவ்வாறே அழைப்போம், அருகில் அமர்த்திக்கொள்வோம்.