காற்றும் காப்பும்

இறைவன் நம்மைக் காக்கிறான் என்று மெய்யாக நம்புகின்ற ஒருவன், தன்னைத் தானே காத்துக்கொள்வதற்கு எவ்வளவு தூரம் பிரயத்தனம் செய்யலாம் என்னும் கேள்வி மிகப் பழமையானது. ஆயினும் அது ஏடுகளுக்குள் மட்டும் உறைகின்ற கேள்வியன்று. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களிலே, விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் ஏறி வேலைக்குப் புறப்படும் ஒவ்வொருவருடைய நெஞ்சின்மீதும் அது வந்து மோதுகிறது. வைகாசி தொடங்கி மேற்கேயிருந்து வறண்டு கொதித்து வீசும் கச்சான், மணலையும் சருகையும் வாரிவந்து கண்ணை எரிக்கும். ஐப்பசிக்குப் பின் மழையோடு சேர்ந்து வரும் வாடை, சட்டையை ஊடுருவி எலும்பைத் தொடும். 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதன் பின், முன்னர் தோணிக்கும் படகுக்கும் காத்திருந்து கடந்த நீர்ப்பரப்பை மக்கள் வண்டியிலிருந்தவாறே கடக்கிறார்கள். அங்கே காற்றை மறிக்க மரமுமில்லை, மதிலுமில்லை. இத்தகைய வழியில் நாள்தோறும் போய்வருவோர், தம் வண்டிக்கு முன்கண்ணாடியொன்று பூட்டலாமா என்று எண்ணுவது இயல்பே. அச்சிறு செயலைக் கூர்ந்து நோக்கினால், காப்பைப் பற்றிச் சைவ சித்தாந்தம் கூறும் பெரியதோர் உண்மை அதிலே துலங்கக் காணலாம் என்பது என் துணிபு.

முதலில் ஓர் ஆட்சேபத்தை எடுத்துக்கொள்வோம். நிலம், நீர், தீ, காற்று, வான், ஞாயிறு, திங்கள், ஆன்மா என்னும் எட்டினையும் ஈசனுடைய வடிவங்களாகக் கொண்டு, அட்டமூர்த்தி என்று அவனை வழிபடுகிறோம். அங்ஙனமாயின், காற்றுக்கு எதிரே தடுப்பொன்றை நிறுத்துவது அவன் செயலிலே குறை காண்பதாகாதா என்று பக்தியுடையோர் கேட்கக்கூடும். அதற்கு விடை காற்றின் இயல்பிலேயே இருக்கிறது. இலை அசையாத நாளிலும், வண்டி ஓடத் தொடங்கியவுடன் ஓட்டுபவன் முகத்திலே காற்று அறைகிறது. அது எங்கிருந்தோ வந்ததன்று, அவனுடைய வேகம் உண்டாக்கியது. மணிக்கு 30 கிலோமீற்றரில் செல்லும்போது நெஞ்சைத் தள்ளும் விசை, 60 கிலோமீற்றரில் இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப எதிர்ப்பு வளரும் என்பது பௌதிக நூலார் கண்ட விதி. தான் செய்த வினையே தன்னை எதிர்கொண்டு வருகிறது என்று நம் முன்னோர் கன்மத்தைப் பற்றிக் கூறியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? வழிச்செல்வோனை வருத்தும் காற்றில் ஒரு பகுதி இயற்கையின்பாற்பட்டது. மற்றப் பகுதி அவனே தேடிக்கொண்டது. வேகத்தைக் குறைப்பதே அவனுக்கு முதற் காப்பு. எஞ்சியதைத் தணித்துக்கொள்ள முயல்வது தெய்வ நிந்தையாகாது, கடமையேயாகும். ஒட்டகத்தைக் கட்டிவைத்த பின்னரே இறைவன்மீது பொறுப்பை வைக்குமாறு நபிகள் நாயகம் ஒருவருக்கு அறிவுறுத்தியதாக இஸ்லாமியர் போற்றும் செய்தியையும், இவ்விடத்தில் சைவர் மறுப்பதற்கில்லை.

இனி, எத்தகைய கண்ணாடியைத் தெரிவது? மிக உயரமானதும் மிக அகலமானதுமே மிகுந்த காப்பளிக்கும் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அதன் விளிம்பு கண்ணுக்கு மேலே போய்விடுமானால், ஓட்டுபவன் உலகம் முழுவதையும் அதனூடாகவே காண நேரிடும். பகலில் அதனாற் பெருந்தீங்கில்லை. மாரிகால இரவிலோ, துளிகள் படிந்த கண்ணாடியின்மீது எதிரே வரும் லொறியின் வெளிச்சம் விழுந்தவுடன், ஒவ்வொரு துளியும் தனித்தனி விளக்காகி வீதியை மறைத்துவிடும். ஆதலின், இருக்கையில் நிமிர்ந்து அமர்ந்து நேரே நோக்கும்போது பார்வை மேல்விளிம்பைத் தாண்டிச் செல்ல வேண்டும் என்றும், விளிம்பு மூக்குக்கும் நாடிக்கும் இடைப்பட்ட மட்டத்தில் நிற்க வேண்டும் என்றும் அனுபவசாலிகள் கூறுவர். அவ்வாறு நிற்குமாயின் காற்று விளிம்பிலே மோதி மேலெழுந்து தலையைக் கடந்து போகும். கண்ணுக்கு மறைப்பு இராது. ஒருவருக்குப் பொருந்திய உயரம் மற்றொருவருக்குப் பொருந்தாமையால், அவரவர் தத்தம் வண்டியில் ஏறியமர்ந்தே அளவெடுத்தல் வேண்டும். பொருளிலும் வேறுபாடுண்டு. அக்ரிலிக் தகடு தெளிவானது, எளிதிற் கீறல் விழாதது. ஆனால் கல் தெறித்தால் உடையும். பொலிகார்பனேட் அடியைத் தாங்கும். ஆனால் கச்சான் காலத்து மணல் படிந்திருக்கையில் நீர் வார்த்துக் கழுவாமல் உலர்ந்த துணியால் துடைத்தால், கீறல் விழுந்து மங்கிவிடும்.

துறைமுகத்தை அடுத்த ஒழுங்கையொன்றிலுள்ள கராஜில், முதியவர் ஒருவருடைய வண்டிக்கு ஓர் இளைஞர் முன்கண்ணாடி பூட்டியதை அருகிலிருந்து பார்த்தேன். தகட்டின் துளை ஒவ்வொன்றிலும் இருபுறமும் ரப்பர் வாசர் வைத்து, போல்ட்டுகளை முதலில் விரலாலேயே திருகி நிறுத்தினார். பின்பு மூலைக்கு மூலை மாற்றிமாற்றிச் சிறிதுசிறிதாக இறுக்கினார். லைட்டுக்கு மேலே, தகட்டின் கீழ்விளிம்போடு மூன்று விரல் நுழையும் இடைவெளி இருந்தது. முதியவர் அதைச் சுட்டிக்காட்டி, “தம்பி, இதுக்குள்ளால காத்து வராதோ?” என்று கேட்டார். “வரட்டும் ஐயா, கொஞ்சம் வந்தாத்தான் தலையில போட்டு அடிக்காது,” என்றார் இளைஞர். “அப்ப நட்டையாவது இன்னும் இறுக்கிவிடுங்கோவன்” என்றதற்கு, “இறுக்கினா வெடிச்சுப் போயிடும் ஐயா” என்று மறுமொழி வந்தது. இறுதியாக ஹாண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, கிளச் கேபிளும் பிரேக் கேபிளும் எங்கேனும் நெரிபடுகின்றனவா என்று குனிந்து பார்த்துவிட்டே சாவியைக் கையிற் கொடுத்தார்.

அந்த இளைஞர் தம் தொழில் அறிவால் கூறியதன் காரணம் இதுதான். காற்றை முழுவதும் மறித்து நிற்கும் கண்ணாடியின் பின்னே காற்றழுத்தம் குறைந்துவிடுகிறது. விளிம்பைக் கடந்த காற்று அந்தத் தாழ்வை நிரப்பச் சுழன்று திரும்பி, ஓட்டுபவனுடைய தலையைப் பின்னும் முன்னுமாக உலுக்குகிறது. கீழே சிறிது காற்றை உள்ளே விட்டால் அழுத்தம் சமனாகிச் சுழலும் அடங்குகிறது. முற்றாகத் தடுப்பது காப்பன்று. தாங்கும் அளவுக்குத் தணித்து உள்ளே விடுவதே காப்பு.

சைவ சித்தாந்தம் இறைவனுக்கு வகுத்த ஐந்தொழில்களில் மறைத்தல் என்பதும் ஒன்று. படைத்தலும் காத்தலும் அழித்தலும் எவருக்கும் விளங்குவன. அருளலோ எல்லோரும் விழைவது. அன்பே வடிவானவன் எதற்காக மறைக்க வேண்டும் என்பதே கற்போரை மலைக்க வைக்கும் வினா. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியாரும் அவர் வழிவந்தோரும் இதனை ஆராய்ந்து, திரோதானம் என்னும் அம்மறைப்புச் சக்தி மலங்களைத் தொழிற்படுத்துவதனாலே மலமென்று உபசாரமாக எண்ணப்பட்டாலும், உண்மையில் அது அருளேயாகும் என்று தெளிவித்தனர். பல பிறவிகளிலே திரண்ட சஞ்சித வினை முழுவதும் ஒருங்கே வந்து மோதினால் எந்த உயிர் தாங்கும்? அதிலிருந்து ஒரு கூற்றை மட்டும் பிராரத்தமாகப் பிரித்து, இந்தப் பிறவிக்கு ஏற்ற அளவில் நுகர்வித்து, உயிரைப் பரிபாகத்துக்குக் கொண்டுசெல்கிறது அந்தக் கிருபை. துன்பம் சிறிதும் அணுகாத வாழ்வை வேண்டுபவன், பக்குவப்படாதிருக்க வேண்டுகிறான் என்றே கொள்ள வேண்டும். பிறர் துயரும் தன் துயரும் உட்புகாதவாறு மனத்தை அடைத்துக்கொண்டவனுடைய உள்ளே உண்டாகும் வெறுமை, பின்னர் அவனையே அலைக்கழிக்கிறது. அவரவர் உயரத்துக்கு ஏற்பக் கண்ணாடியை அளவெடுப்பதுபோல், அவரவர் பக்குவத்துக்கு ஏற்பவே இறைவன் மறைப்பையும் அளந்து வைத்திருக்கிறான். ஆதலால், அயலானுக்குக் கிடைத்த காப்பு எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று முறையிடுவதில் நியாயமில்லை.

காப்பு என்பது உத்தரவாதமன்று என்பதையும் இத்துறைமுகத்தின் சரித்திரம் உரைக்கிறது. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். ஆலயம் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் காண 1963ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அத்தாக்குதலுக்குத் தப்பவென்று முன்னிரவே வெளிக்கடலுக்கு அனுப்பப்பட்ட ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக்கு அப்பால் அன்றே மூழ்கடிக்கப்பட்டது. கரையும் கோட்டையும் கடலும் தம்மளவில் எவரையும் காத்துவிடுவதில்லை. முன்கண்ணாடி பூட்டியவனும் விழக்கூடும். பக்கவாட்டிலிருந்து வாடை தள்ளும்போது அந்தத் தகடே ஹாண்டிலைத் திருப்பவுங்கூடும். சம்பந்தர் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டபோது, கோள்நிலை நன்றாயில்லை என்று அப்பரடிகள் தடுத்ததையும், அதற்கு விடையாகவே கோளறு பதிகம் பிறந்ததையும் பெரியபுராணம் விவரிக்கிறது. அப்பதிகத்தைப் பாடிவிட்டு அவர் மடத்திலே தங்கிவிடவில்லை, பாடினார், புறப்பட்டார். காப்பு வேண்டிப் பாடும் பாட்டு, வீட்டுக்குள் இருப்பதற்காக ஏற்பட்டதன்று. செய்ய வேண்டிய பயணத்தைச் செய்வதற்காக ஏற்பட்டது.

ஆகவே, நம்பிக்கையுடையவன் முயற்சியை விட வேண்டுவதில்லை; முயற்சியுடையவன் நம்பிக்கையை விட வேண்டுவதுமில்லை. தன் வேகம் விளைத்ததற்குத் தானே பொறுப்பேற்று, தன்னால் இயன்ற தடுப்பை அளவறிந்து அமைத்து, அதற்கு மேலும் வந்து படுவதை இறைவன் அளந்து விட்டதாக ஏற்றுக்கொள்பவனே காப்பின் தத்துவத்தை உணர்ந்தவன். அவன் செய்யும் பிரார்த்தனையில் ஒரு வேண்டுகோள் தவறாமல் இடம்பெற வேண்டும்: எனக்கு நீ தரும் காப்பு எதுவாயினும், செல்ல வேண்டிய வழியையும் அவ்வழியில் வரும் பிற உயிர்களையும் என் கண்ணிலிருந்து அது மறைக்காதிருக்கட்டும் என்பதே அது.