எது போச்சு?

பரண்மேல் ஒரு கேமரா கிடக்கிறது. தாத்தா வாங்கியதாக இருக்கலாம். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கப் போன மாமா விட்டுப்போனதாக இருக்கலாம். தோலுறையைத் திறந்தால் பூஞ்சை வாசம். நீ தூசி தட்டி எடுத்ததுமே வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "அது எப்பவோ போச்சு, விடு."

தம்பி, தங்கச்சி, விடாதே! திருப்பிக் கேள்: எது போச்சு?

லென்ஸா? ஷட்டரா? பேட்டரி வயரா? வெளிச்சம் புகாமல் தடுக்கிற ஸ்பாஞ்சா? எந்த உதிரி கெட்டது என்று சொல்லத் தெரியாதவர்தான் 'எல்லாம் போச்சு' என்பார். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றிப் பார்க்காதவர் சொன்ன தீர்ப்பு அது. அதற்கு நீ ஏன் தலையாட்ட வேண்டும்?

நான் தலையாட்டியவன். இரண்டு அரியரோடு கல்லூரியை விட்டு வெளியே வந்து, வேலையும் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்த வருஷத்தில் என்னைப் பற்றியும் எல்லோரும் அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னார்கள். நானும் நம்பினேன். அந்த நாட்களில்தான் பழைய சாமான் கடை ஒன்றில் 300 ரூபாய் கொடுத்து ஒரு யாஷிகா எலக்ட்ரோ 35 வாங்கினேன். "டெட் பீஸ் தம்பி, ஷோகேஸ்ல வச்சுக்கோ" என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார்.

1966-ல் ஜப்பானில் வெளிவந்த வரிசை அது. 45 மி.மீ. லென்ஸ், எஃப் 1.7. வெளிச்சத்தை அளந்து ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று தானே முடிவு செய்கிற கேமரா. என்னிடம் வந்ததோ இருட்டிலும் வெயிலிலும் ஒரே மாதிரி அடித்தது. தேடிப் படித்தேன். இந்த மாடலைப் பழுது பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த நோய் ஒன்று இருந்தது. லீவரை இழுத்து ஃபிலிமை நகர்த்தும்போது உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், உள்ளே இருக்கிற ஒரு ரப்பர் திண்டு வயதாகிக் கரைந்து உதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். கேமராவைக் காதோரம் வைத்து லீவரை இழுத்தேன். சத்தம் இல்லை.

சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத ரப்பர்! அதுதான் போயிருந்தது. லென்ஸ் பளிங்கு மாதிரி இருந்தது. ஷட்டர் தகடுகள் ஒட்டாமல் திறந்து மூடின. இத்தனையும் நன்றாக இருக்கும்போதே அதை 'டெட்' என்று எழுதிவைத்திருந்தார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து, என் விஷயத்தில் எது போச்சு என்று வரிசையாக எழுதினேன். இரண்டு அரியர் பேப்பர். ஒரு வருஷம். மூன்றாவதாக எழுத எதுவும் கிடைக்கவில்லை.

மறுநாள் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். கை நடுங்கியது. உனக்கும் நடுங்கும், நடுங்கட்டும்! அவசரத்தில் வீட்டில் கிடந்த ஸ்டார் டிரைவரை வைத்துத் திருகி இரண்டு ஸ்க்ரூவின் தலையை மொட்டையாக்கினேன். ஜப்பான் கேமராவுக்கு ஜே.ஐ.எஸ். முனை கொண்ட டிரைவர் வேண்டும், பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் மற்றது வழுக்கும். அது தபாலில் வந்து சேர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் கேமராவைத் தொடாமல் இருந்தேனே, அதைத்தான் இன்றைக்கும் பெரிதாக நினைக்கிறேன்.

ஒரு வழி சொல்கிறேன், குறித்துக்கொள். அம்மாவின் குழிப்பணியாரச் சட்டியைக் கேட்டு வாங்கு. கழற்றுகிற ஒவ்வொரு கட்டத்து ஸ்க்ரூவுக்கும் ஒரு குழி. கட்டத்துக்கு ஒரு படம் செல்போனில். திரும்பப் பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி வா. மேல்மூடி, முன்தகடு என்று நான் அப்படித்தான் கழற்றினேன். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு நறுக்கி, பசை வைத்து, திண்டு இருந்த இடத்தில் ஒட்டினேன். லீவரை இழுத்தேன்.

டொக்!

அடுத்த 'போச்சு' தயாராக இருந்தது. இந்தக் கேமரா கேட்கிற 5.6 வோல்ட் பாதரச பேட்டரியே இப்போது தயாரிப்பில் இல்லை. சரி, 6 வோல்ட் ஆல்கலைன் இருக்கிறதே! இடைவெளிக்கு ஒரு ஸ்பிரிங் வைத்தேன், ஓடியது.

நீ வாங்கப் போகும்போது பயந்த முகத்தோடு போகாதே. டெல்லி சாந்தினி சவுக்காக இருக்கட்டும், மும்பை சோர் பஜாராக இருக்கட்டும், உன் ஊர்ப் பழைய இரும்புக் கடையாக இருக்கட்டும், பையில் ஒரு டார்ச் இருக்க வேண்டும். லென்ஸின் ஒரு பக்கம் வெளிச்சத்தை அடித்து மறுபக்கம் பார். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரக் காற்றில் அது சகஜம். ஹைட்ரஜன் பெராக்சைடும் அமோனியாவும் கலந்து துடைத்தால் போகும். கோட்டிங்கை அரித்திருந்தால் தழும்பு நிற்கும். லேசான தழும்போடும் அந்த லென்ஸ் படம் எடுக்கும், கவலைப்படாதே. பின்கதவைத் திற. ஓரத்து ஸ்பாஞ்ச் தார் மாதிரி விரலில் ஒட்டினால் விலையைக் குறைத்துக் கேள், மாற்றுவது ஒரு மாலை நேர வேலை. கையால் வேகம் வைக்கிற கேமராவில் ஒரு விநாடியில் வைத்து அழுத்திப் பார். பாதியில் திணறினால் உள்ளே பழைய எண்ணெய் இறுகியிருக்கிறது. தயவுசெய்து தையல் மெஷின் எண்ணெயை விட்டுவிடாதே! அது தகடுகளை இன்னும் ஒட்டவைத்துவிடும். ஷட்டர் திரைத்துணி கிழிந்திருக்கிறதா? முதல் கேமரா என்றால் வைத்துவிட்டு வந்துவிடு. இரண்டு கேமரா பார்த்த பிறகு அதற்கும் உனக்குக் கை வரும்.

சின்ன ரப்பருக்குத்தான் இது பொருந்தும் என்கிறாயா? 2008-ல் போலராய்ட் தன் உடனடிப் பட ஃபிலிமை நிறுத்துவதாக அறிவித்தது. உலகம் முழுக்க வீடுகளில் இருந்த அந்தக் கேமராக்கள் எல்லாம் ஒரே நாளில் 'போச்சு' ஆகின. நெதர்லாந்தின் என்ஸ்கெடே ஊரில் இருந்த போலராய்ட் தொழிற்சாலையின் மூடுவிழாவில் போலராய்ட் பிரியர் ஃப்ளோரியன் காப்ஸும் அங்கே வேலை பார்த்த ஆந்த்ரே பாஸ்மனும் சந்தித்தார்கள். உடைத்து எடைக்குப் போடவிருந்த இயந்திரங்களை விலை பேசினார்கள். அங்கே வேலை பார்த்த பழைய கைகளில் சிலரைக் கூட்டிக்கொண்டார்கள். பழைய ரசாயனங்கள் பல கிடைக்கவில்லை, புதிதாகக் கலவை கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தங்கள் முயற்சிக்கே 'இம்பாசிபிள்' என்று பெயர் வைத்தார்கள்! 2010-ல் வந்த முதல் ஃபிலிமின் படங்கள் மங்கலாகவும் கறையாகவும் விழுந்தன. ஒளித்துக்கொள்ளாமல் அதையே விற்றார்கள், அடுத்ததைச் சரிசெய்தார்கள். 2017-ல் போலராய்ட் என்ற பெயரே இம்பாசிபிளின் பங்குதாரர் கைக்கு வந்து சேர்ந்தது.

என் கதைக்கு வருகிறேன். நவம்பரில் இரண்டு அரியரையும் எழுதினேன். ஒன்று தேறியது, மற்றதற்கு இன்னொரு முறை உட்கார வேண்டியிருந்தது. அதற்கு நடுவில்தான் யாஷிகாவில் முதல் சுருள் போட்டேன். 36 படத்தில் ஒன்பது தேறவில்லை. முதல் படம் தேறியது. சமையலறை வாசலில் அம்மா நிற்கிறார், ஜன்னல் வெளிச்சம் பாதி முகத்தில் விழுகிறது. சட்டியைத் திருப்பிக் கேட்டு ஒரு கை நீண்டிருக்கிறது, விரல் நுனியில் ஒட்டிய மாவுகூடத் துலக்கமாகத் தெரிகிறது.