உழைப்பே செபமாகுமா?

செபத்தைப் பற்றி நம்மவரிடையே இரு விதமான பேச்சுக்கள் வழங்கி வருகின்றன. “விடிந்தால் வேலை, பொழுதுபட்டால் அலுப்பு, இதற்குள் செபிக்க நேரமேது?” என்பது ஒன்று. “என் வேலையே என் செபம், வேறு செபம் எனக்கெதற்கு?” என்பது மற்றது. முன்னது ஏக்கத்தோடு சொல்லப்படுவது. பின்னது சற்றுப் பெருமையோடு சொல்லப்படுவது. ஆயினும் இரண்டிலும் முடிவு ஒன்றே. வேலை நாளில் செபத்திற்கு இடமில்லாமற் போகின்றது. தியானம் என்பது துறவிகளுக்கு உரியது, உழைத்து உண்பவனுக்கு உரியதன்று என்ற எண்ணமும் நம்மிடையே வேரூன்றி விடுகின்றது. இவ்வெண்ணம் சரிதானா என்று சற்றே சிந்திப்போம்.

திருச்சபையின் ஞானிகள் காட்சித் தியானம் என்று அழைப்பது என்ன? பல சொற்களை அடுக்குவதல்ல. அரிய காட்சிகளைக் காண்பதுமல்ல. இறைவன் நம்மருகே இருக்கிறார் என்பதை உணர்ந்து, அன்போடு அவர்மீது மனத்தை நிறுத்துவதே அது. அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் இத்தகைய செபத்தை நட்புறவுக்கு ஒப்பிட்டார். நண்பனோடு இருப்பதற்குப் பெரும் படிப்புத் தேவையில்லை. மனம் இருந்தாற் போதும்.

இடைவிடாது செபிக்கும்படி விசுவாசிகளுக்கு எழுதியவர் புனித சின்னப்பர். தெசலோனிக்கருக்கு அவர் அந்த நிருபத்தை எழுதியது கொரிந்து நகரில் தங்கியிருந்தபோது என்பது அறிஞர் பலரின் கருத்து. அங்கே அவர் ஆக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதிகளின் வீட்டில் தங்கி, அவர்களோடு கூடாரத் தொழில் செய்து பிழைத்தார் என்று அப்போஸ்தலர் பணி பதினெட்டாம் அதிகாரம் கூறுகின்றது. ஒருவருக்கும் பாரமாயிராதபடி இரவும் பகலும் உழைத்ததை அதே நிருபத்தில் அவரே நினைவூட்டுகிறார். ஆகவே, இடைவிடாத செபத்தைக் கேட்டவர் ஓய்வாக அமர்ந்திருந்த ஒருவர் அல்லர். கைகள் காய்த்துப்போன ஒரு தொழிலாளி.

பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த சகோதரர் லோரன்ஸ் இதற்கு மற்றுமொரு சாட்சி. லொரேன் நாட்டில் எளிய குடும்பத்தில் பிறந்த இவர், போர்வீரராகச் சென்று காலிற் காயமடைந்தவர். 1640ஆம் ஆண்டில் பாரிஸ் நகரக் கார்மேல் மடத்திற் சேர்ந்தார். படிப்பில்லாத இவருக்குக் கிடைத்த பணி குசினி வேலை. அந்த வேலை அவருடைய சுபாவத்திற்குச் சற்றும் பிடிக்காத ஒன்று. மடத்திற்குத் திராட்சை இரசம் வாங்கிவர அனுப்பப்பட்டபோதும், நொண்டிய காலோடு படகிலிருந்த பீப்பாய்களின்மேல் உருண்டு உருண்டே நகர வேண்டியிருந்தது. வியாபாரமும் அவருக்குத் தெரியாது. எனினும், ‘இது உமது வேலை, ஆண்டவரே’ என்ற எண்ணத்தோடு ஒவ்வொன்றையும் செய்தார். முதற் பத்து ஆண்டுகள் மனத்தில் கடும் இருளும் கலக்கமும் அவரை வாட்டின. பின்னர் கிடைத்த அமைதியில், பாத்திரங்களின் ஓசைக்கும் பலரின் அவசரக் கட்டளைகளுக்கும் நடுவிலும், பீடத்தின்முன் முழந்தாளிட்டிருப்பதைப் போலவே இறைவனோடு இருக்க அவரால் முடிந்தது. 1691இல் அவர் இறந்தபின், அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் நூலாக வெளிவந்து இன்றுவரை வாசிக்கப்படுகின்றன.

அப்படியானால், “என் வேலையே என் செபம்” என்பவர் சொல்வது சரிதானே என்று கேட்கலாம். இல்லை. லோரன்ஸ் குசினியில் செபித்தார் என்பது உண்மை. ஆனால் மடத்தின் செப நேரங்களை அவர் விட்டுவிடவில்லை. மடத்துப் பாத்திரங்களையெல்லாம் பீடத்தின் திருப்பாத்திரங்களைப் போல் மதிக்க வேண்டும் என்று தமது ஒழுங்கில் எழுதிய புனித ஆசீர்வாதப்பரே, செபத்திற்கான மணி ஒலித்தவுடன் கையிலுள்ளதை அப்படியே விட்டுவிட்டு விரைந்து வரும்படியும் கட்டளையிட்டார். நமது யாழ்ப்பாணத்திலும் 1928ஆம் ஆண்டில் தோலகட்டியில் அருட்தந்தை தோமஸ் அமதி அவர்கள் தொடங்கிய செபமாலைத் தாசர் சபை, செபத்தையும் மௌனத்தையும் கைத்தொழிலையும் ஒன்றாகவே பிணைத்தது. இயேசு ஆண்டவரும் கப்பர்நாகூமில் பொழுது சாய்ந்த பின்பும் நோயாளிகளைக் குணமாக்கினார். மறுநாள் இருட்டோடு எழுந்து தனியிடஞ் சென்று செபித்தார். அன்புள்ள கணவன் நாள் முழுவதும் குடும்பத்துக்காகவே உழைக்கலாம். ஆனால் மனைவியோடு ஒரு வார்த்தையேனும் பேசாதவனுடைய உழைப்பு நாளடைவில் வெறும் உழைப்பாகவே நின்றுவிடும். தனித்த சில நிமிடங்களே நாள் முழுவதையும் செபமாக்கும் புளித்த மாவு.

இனி, இதைவிடக் கனமான ஒரு கேள்வி உண்டு. மலைச்சரிவில் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணிடம், “உன் கஷ்டத்தை ஒப்புக்கொடுத்துச் செபி” என்று சொல்வது நியாயமா? போதாத கூலியை வாய்மூடி ஏற்கச் செய்வதற்குத் தியானம் ஒரு மருந்தாகி விடாதா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழித்தல் தகாது. செபத்தைச் சொல்லி ஏழையின் வாயை அடைத்தவர்கள் உலகில் இருந்ததுண்டு. ஆனால் அறுவடை செய்தவர்களுக்குக் கொடாமற் பிடித்துவைத்த கூலி இறைவனை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று புனித யாகப்பர் எழுதியிருக்கிறார். 1981இல் மனித உழைப்பைப் பற்றிச் சுற்றுமடல் எழுதிய பாப்பரசர் புனித இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், நீதியான ஊதியத்தையும் தொழிற்சங்க உரிமையையும் வலியுறுத்திய அதே மடலை உழைப்பின் ஞான வாழ்வைப் பற்றிய பகுதியோடுதான் முடித்தார். நீதியும் செபமும் அங்கே ஒரே மடலுக்குள் நிற்கின்றன.

ஆகையால், காட்சித் தியானம் உண்மையா பொய்யா என்பதைச் செபிப்பவனுடைய கண்மூடலில் அறிய முடியாது; கண் திறந்தபின் அவன் யாரைக் காண்கிறான் என்பதிலேயே அறியலாம். இறைவனை அன்போடு நோக்கப் பழகியவன் மனிதரையும் அப்படியே நோக்குவான். தராசைப் பிடித்திருக்கும் கணக்கப்பிள்ளை செபிக்கிறவனாயின், கொழுந்தின் நிறையில் குறைக்க அவனுடைய கை கூசும். கந்தோரில் இருக்கும் லிகிதர் செபிக்கிறவராயின், பென்சன் கடிதத்தோடு மூன்றாம் முறை வந்து நிற்கும் கிழவி அவருக்குத் தொல்லையாகத் தோன்றமாட்டாள். கொழுந்து பறிக்கும் அந்தப் பெண்ணுக்கோ, தான் ஒரு கூலிப் பெயரல்ல, இறைவன் பெயர் சொல்லி அழைக்கும் மகள் என்ற அறிவு செபத்தில் பிறக்கும். தன் மதிப்பை அறிந்தவள் அநீதிக்குத் தலைவணங்குவதில்லை, வெறுப்பிலும் வீழ்வதில்லை. தனக்கு உரியதைத் தலைநிமிர்ந்து கேட்பாள்.

இதற்கு வழி என்ன? பெரியன வேண்டாம். காலையில் வேலைக்குப் புறப்படுமுன், கைத்தொலைபேசியைக் கையிலெடுக்குமுன், ஐந்து நிமிடம் மௌனமாக இறைவன்முன் இருப்போம். நம் முன்னோர் மனவல்லயச் செபம் என்று ஒன்றை நமக்குக் கற்பித்தார்கள். ‘ஆண்டவரே, இரக்கமாயிரும்’ என்பது போன்ற ஒரு சிறு சொல். கடை திறக்கும்போதும், வலை இழுக்கும்போதும், தையல் இயந்திரத்தின்முன் அமரும்போதும், பஸ்ஸிற்காகக் காத்து நிற்கும்போதும் அதைச் சொல்லலாம். கோவில் மணி கேட்கும்போது ஒரு கணமாவது கையை நிறுத்தித் திரிகாலச் செபத்தைச் சொல்லலாம். இடையில் மறந்துபோனால் மனம் சோர வேண்டாம். சகோதரர் லோரன்சும் பலமுறை மறந்தவரே; மறந்ததை உணர்ந்ததும் அதிகம் அலட்டிக்கொள்ளாமல் மீண்டும் தொடங்கினார்.

இரவில் ஆத்தும சோதனை செய்யும்போது, இன்று எத்தனை செபம் சொன்னேன் என்று மட்டும் எண்ணாதிருப்போம். இன்று என் வேலையில் யாரை நான் மனிதராகக் கண்டேன்? யாரைக் காணாததுபோல் கடந்துபோனேன்? எவருக்குரியதை நான் நிறுத்தி வைத்தேன்? இக்கேள்விகளோடு சிலுவையின்முன் சற்று நேரம் இருப்போம்.

நாசரேத்தூரில் தச்சனாக வாழ்ந்த ஆண்டுகளைப் பற்றி நற்செய்தி மிகச் சிலவே சொல்கின்றது. ஊரார் அவரைத் தச்சன் என்றே அறிந்திருந்தார்கள். மரத்தூள் படிந்த அந்தக் கைகள் பிதாவை விட்டு ஒரு கணமும் விலகியதில்லை. அக்கைகளோடு நமது கைகளையும் சேர்த்து நாளைய வேலையைத் தொடங்குவோமாக.