பிழைத்து வந்தவர் சொல்

1962 நவம்பர் 18, இந்திய-சீனப் போர். லடாக்கின் ரெசாங் லா கணவாயில், 16,000 அடிக்கும் மேலான உயரத்தில், 13-வது குமாவோன் பட்டாலியனின் சார்லி கம்பெனி ஏறக்குறைய முழுதாக மடிந்தது. தலைமை தாங்கிய மேஜர் ஷைத்தான் சிங்கும் திரும்பவில்லை. தப்பிய சிலர் நடந்ததைச் சொன்னார்கள், பலர் நம்பவில்லை. மறு ஆண்டு பிப்ரவரியில் உடல்கள் கண்டெடுக்கப்பட்டபோதுதான் வாயடைத்துப் போனார்கள். உறைந்த கைகளில் துப்பாக்கி அப்படியே இருந்தது. மருத்துவ உதவியாளர் கையில் ஊசியும் கட்டுத்துணியும்.

கூட இருந்தவனைப் பறிகொடுத்தது போதாதென்று, அவன் வீரத்துக்குச் சாட்சி தேடி அலைய வேண்டியிருப்பது கொடுமை. 2021-இல் சூஷுலில் அந்த வீரர்களுக்காகப் புதுப்பித்த நினைவிடத்துக்கு, அதே பட்டாலியனில் போரிட்ட பிரிகேடியர் ஆர்.வி. ஜதார் முதிய வயதில் சக்கர நாற்காலியில் வந்தார். அவ்வளவு உயரத்துக்கு!

டிசம்பர் 7, படைவீரர் கொடி நாள். உண்டியலில் காசு போடுகிறோம், நல்லதுதான். உங்கள் தெருவிலும் ஒரு முன்னாள் ராணுவ வீரர் இருப்பார். மிலிட்டரி கேன்டீனில் என்ன மலிவு என்றுதான் அவரிடம் கேட்டுப் பழகியிருக்கிறோம். இந்த முறை, அவரோடு போய்த் திரும்பாதவர்களின் பெயரைக் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை எழுந்துவிடாதீர்கள்.